மண் வாய் திறக்கும் காலம்

ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் நாட்களில் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் வாசலைக் கடந்ததும் சற்றே திகைத்து நிற்பதுண்டு. தோட்டத்துத் தரை முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் உள்ளங்கையைச் செருகலாம். நீண்ட குச்சி ஒன்றை இறக்கினால் மூன்று அடிக்குக் கீழேயும் தரை தட்டாது. “இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செடி வளர்க்கிறீர்களே, இந்தப் பிளவுகளை மண் போட்டு மூடிவிடக் கூடாதா?” என்று கேட்பார்கள். நாங்கள் புன்னகையோடு, “மழை வரட்டும்” என்று மட்டும் சொல்வோம். இந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்கு நாங்கள் கொடுத்த விலையும் சிறியதன்று.

நாங்கள் பிறந்து வளர்ந்தது திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. செம்மணல் பூமி. ஒரு குடம் நீரைக் கொட்டினால் மறுகணம் ஈரம்கூடத் தெரியாது. ஆசிரியப் பணியின் பொருட்டுக் கோவில்பட்டிப் பக்கம் வந்து சேர்ந்தபோதுதான் கரிசலைக் கண்டோம். வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி ஆலயமும், கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவலும் இந்தக் கறுப்பு மண்ணில்தான் உள்ளன. 1996-ஆம் ஆண்டு, ஊருக்கு வெளியே எட்டு சென்ட் மனையில் எங்கள் வீட்டைக் கட்டினோம். எங்களோடு அம்மாவும் வந்தார். எங்களுள் ஒருவருக்கு அவர் பெற்ற தாய், மற்றவருக்கு மாமியார். ஆனால் இருவருக்குமே அவர் அம்மாதான். புதுமனை மந்திரிப்பு நடந்த அன்று மாலையே, கிழக்குச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு வேப்பங்கன்றை அவர் நட்டார்.

கரிசலின் இயல்பை அறியாதவர்க்கு அதைச் சற்று விளக்க வேண்டும். இம்மண்ணில் மிக நுண்ணிய களித்துகள்கள் நிறைந்திருக்கின்றன. நீர் பட்டால் அத்துகள்கள் நீரைத் தமக்குள் ஏற்றுப் பருக்கின்றன. வெயில் ஏற ஏற நீரை இழந்து சுருங்குகின்றன. ஆகவே மழைக்காலத்தில் தரை மேலே எழும். கோடையில் கீழே இறங்கும். சுருங்குவதற்கு வேறு வழியின்றி வெடிக்கும். ஈரமாக இருக்கும்போது காலில் அப்பிக்கொண்டு செருப்பை மரக்கட்டை ஆக்கிவிடும். காய்ந்தபின் கடப்பாரையைத் திருப்பி எறியும். இதன்மேல் கட்டப்படும் வீடு, மெல்ல மூச்சு வாங்கும் ஓர் உடலின்மேல் அமர்ந்திருப்பதைப் போன்றது. எங்கள் கொத்தனார் அதை அறிந்தவர். கரிசலைக் கடந்து சரளை தட்டும்வரை தோண்டித்தான் அடித்தளம் போட்டார். ஆனால் வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தை எங்கள் பொறுப்பில் விட்டார். அங்கேதான் எங்கள் அறியாமை தொடங்கிற்று.

முதலில், கரிசலை மாற்றிவிட முயன்றோம். மணலைக் கலந்தால் மண் இளகும் என்று எண்ணி இரண்டு வண்டி மணலைக் கொட்டிக் கொத்தினோம். களியோடு சேர்ந்த அந்தச் சிறிதளவு மணல், மண்ணைச் செங்கல்லைப் போல இறுக்கிவிட்டது. பிறகு எங்கள் ஊர் நினைவாகச் செம்மண்ணைத் தருவித்தோம். இரண்டடிக் குழிகளைத் தோண்டி, அவற்றில் செம்மண்ணை நிரப்பி, எலுமிச்சையும் மல்லிகையும் நட்டோம். ஐப்பசி மழையில் நீர் செம்மண்ணுக்குள் எளிதாக இறங்கிற்று. ஆனால் சுற்றியிருந்த கரிசல் அதை வெளியே விடவில்லை. ஒவ்வொரு குழியும் ஒரு தொட்டியாயிற்று. வேர்கள் மூச்சு முட்டி அழுகின. தப்பிப் பிழைத்த ஒரே எலுமிச்சையும், நரம்பு மட்டும் பச்சையாய் இருக்க இலை வெளுத்து நின்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது என்பதை அப்போது யாம் அறியோம். மண் பொல்லாதது என்றே முடிவு செய்தோம்.

எங்கள் மனைக்கு அடுத்த மனையில் ஒரு கரிசல்காட்டுச் சம்சாரி குடியிருந்தார்; இன்றும் இருக்கிறார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். மாலையில் மதிலருகே வந்து நின்று, நாங்கள் மண்ணோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், “சார், வெளியூர் மண்ணக் கொண்டாந்து இந்த மண்ணத் திருத்த முடியாது. இது என்ன கேக்குதுன்னு பாருங்க” என்றார். கேட்டுக்கொண்டோம்; ஆனால் செவிமடுக்கவில்லை. கல்லூரியில் படித்த எங்களுக்கு அந்தச் சொல் வெறும் பழமொழியாகத் தோன்றியது.

2003-ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல நோக்கம் கொண்ட சட்டம். நாங்களும் கீழ்ப்படிந்தோம். ஆனால் குழாய்ச் செலவை மிச்சப்படுத்த எண்ணி, தென்மேற்கு மூலையில் சுவரை ஒட்டியே உறிஞ்சுகுழியைத் தோண்டி, கூரை நீர் முழுவதையும் அதில் இறக்கினோம். இரண்டு மழைக்காலம் சென்றபின், நாங்கள் கூடிச் செபிக்கும் அறையில், மாதா திருவுருவத்துக்கு மேலே சுவரில் ஒரு கீறல் கண்டது. அது படிக்கட்டைப் போல வளைந்து வளைந்து ஏறி, சாளரத்தைத் தொட்டது.

பார்க்க வந்த மேஸ்திரி கிழக்கே நின்ற வேம்பைச் சுட்டிக்காட்டி, “இதுதான் காரணம், வெட்டிருங்க” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. வளர்ந்த மரம் தன்னைச் சுற்றியுள்ள களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அந்தப் பக்கத்து மண் கூடுதலாகச் சுருங்குகிறது. மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தொலைவு தள்ளி நடவேண்டும் என்பது இத்தகைய மண்ணுக்குரிய பொது விதி. ஆனால் அது பாதி உண்மையே. ஒரு பக்கம் மரம் மண்ணைச் சுருக்கிற்று. மறுபக்கம் எங்கள் குழி மண்ணை ஊதச் செய்தது. இரண்டுக்கும் நடுவே சுவர் கிழிந்தது. மரத்தைக் கண்ட நாங்கள் குழியைக் காணவில்லை. குழி எங்கள் கையால் தோண்டியதாயிற்றே!

அம்மா அன்று சொன்னது இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. “ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்களேன், பிள்ளைகளா.” லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் கனிகொடாத அத்திமரத்துக்காகப் பரிந்து பேசும் தோட்டத் தொழிலாளியை எத்தனையோ முறை வகுப்பறையில் விளக்கியிருக்கிறோம். இன்னும் ஓராண்டு, சுற்றிலும் கொத்தி எருவிடுகிறேன் என்று அவன் தலைவனிடம் கேட்கும் அவகாசத்தைப் போற்றிப் பேசியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு முதிய குரல் அதே அவகாசத்தைக் கேட்டபோது, எங்களுக்கு அது அடையாளம் தெரியவில்லை. 2006-ஆம் ஆண்டு வைகாசியில் வேம்பை வெட்டினோம். பத்து வயது மரம். அம்மா அன்று முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை.

அடுத்த மழையில் கீறல் மூடவில்லை. மாறாக, கிழக்கு அறையின் தரை மேலெழுந்து, கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. அதுவரை மரம் குடித்துவந்த நீரை இப்போது மண்ணே குடித்து ஊதிவிட்டது என்று பொறியாளரான நண்பர் ஒருவர் பின்னர் விளக்கினார். அதைக் கேட்டும் நாங்கள் தெளியவில்லை. மண்ணைக் கண்ணில் படாமல் செய்துவிட்டால் தொல்லை தீரும் என்று எண்ணி, 2007-இல் மனை முழுவதையும் சிமெண்டுத் தளமாக்கினோம். வெடிப்பு இல்லை, சேறு இல்லை, களை இல்லை. பெருக்கி முடிக்கப் பத்து நிமிடம் போதும். வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள்.

அவ்வாண்டு ஐப்பசியில் மழை கொட்டியது. எட்டு சென்டில் விழுந்த நீர் ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல், மதிலின் நீர்வழியாகப் பாய்ந்து, தாழ்ந்திருந்த அண்ணாச்சியின் தொழுவத்தில் புகுந்தது. தொழுவத்தை ஒட்டி அவர் கட்டிவைத்திருந்த உளுந்து விதை நனைந்து முளைவிட்டுப் போயிற்று. மறுநாள் காலை அவர் வந்து, “தண்ணிக்கு ஒரு வழி பண்ணுங்க சார்” என்று தாழ்ந்த குரலில்தான் கேட்டார். “எங்கள் மனையில் நாங்கள் தளம் போட்டிருக்கிறோம். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்?” என்று பதில் சொன்னோம். இதைச் சொன்னது எங்களுள் யார் என்பது முக்கியமன்று. சொல்லாதவர் மறுக்கவில்லை.

அன்றுமுதல் பேச்சு நின்றது. ஞாயிறுதோறும் திருப்பலியில் முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் கைகூப்பிச் சமாதானம் தெரிவித்துவிட்டு வீடு திரும்பினோம். மதிலுக்கு அப்பால் இருமல் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினோம். ‘அடுத்திருப்பவர்’ என்ற சொல்லை விவிலியத்தில் வாசிக்கும்போதெல்லாம் தொலைதூரத்து ஏழைகளை நினைத்துக்கொண்டோம். அச்சொல்லுக்கு நேர்ப்பொருளும் உண்டு என்பதை மறப்பது எவ்வளவு எளிது! அம்மா மட்டும், தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலையை மதில்மேல் வைத்துவிட்டு வருவார். மறுநாள் அதே இடத்தில் ஒரு கிண்ணம் மோர் இருக்கும்.

2009-ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில், ஒரு மாலைப் பொழுதில் அம்மா இறைவனடி சேர்ந்தார். மறுநாள் பிற்பகல் அடக்கம் என்று முடிவாயிற்று. கல்லறைத் தோட்டத்தின் நிலமும் கரிசல்தான். கோடையின் உச்சியில் அது பாறைக்குச் சமம். குழி வெட்டுபவர் இடத்தைப் பார்த்துவிட்டு, “கடப்பாரை இறங்காதே” என்று தயங்கியதாக எங்களுக்குச் செய்தி வந்தது. துயரத்தின் குழப்பத்தில் அதற்குமேல் நாங்கள் எதையும் விசாரிக்கவில்லை. மறுநாள் குழி செவ்வையாக வெட்டப்பட்டிருந்தது. பங்குத்தந்தை செபித்து முடித்து, நாங்கள் கைப்பிடி மண்ணை எடுத்தபோது அது ஈரமாக இருந்தது. எப்படி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் குழி வெட்டியவருக்குக் கூலி கொடுக்கச் சென்றோம். அவர் சொன்னார்: “பாதிக் கூலி உங்க பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத்தான் சார் சேரணும். அன்னைக்கு ராத்திரி பூராவும் தண்ணி சுமந்து ஊத்துனாரு. ஒரே தடவையா ஊத்தினா மேலோட ஓடிரும், கொஞ்சங் கொஞ்சமா ஊத்துனாத்தான் மண்ணு குடிக்கும்னு சொல்லிக்கிட்டு, விடியிற வரைக்கும் அங்கனயே உக்காந்திருந்தாரு.”

அன்று மாலை நாங்கள் இருவரும் மதிலைச் சுற்றிக்கொண்டு, வீதி வழியாக, அவருடைய வாசலில் போய் நின்றோம். சொல்லத் தயாரித்து வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. அவர் கட்டிலை இழுத்துப் போட்டு, “உக்காருங்க டீச்சர், உக்காருங்க சார்” என்றார். மதினி மோர் கொண்டுவந்தார். நெடுநேரம் கழித்து, தளத்தை உடைத்துவிடலாம் என்றிருக்கிறோம் என்று சொன்னோம். அவர் சிரித்தார். “வெடிப்புதான் சார் மண்ணுக்கு வாய். வாய அடைச்சுப்போட்டு, தண்ணி குடிக்க மாட்டேங்குதுன்னு சொன்னா எப்படி?”

இதன் உட்பொருள் எங்களுக்கு விளங்கப் பல நாட்கள் ஆயின. கரிசல் ஒருமுறை ஈரத்தில் ஊதிவிட்டால் அதன் துளைகள் அடைபட்டுவிடும்; அதன்பின் நீர் மிக மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே கோடையில் விழுந்த வெடிப்புகளே முதல் மழையை ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் வழிகள். மேல்மண் உதிர்ந்து அவ்வெடிப்புகளில் விழுந்து, மண் தன்னைத் தானே உழுதுகொள்கிறது. நாங்கள் எதை மண்ணின் குறை என்று கருதினோமோ, அதுவே அது உயிர்வாழும் முறை. இந்நிலத்துச் சம்சாரிகள் புரட்டாசியில், மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவார்கள். விதையைப் புழுதியிடம் ஒப்படைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். நம்பிக்கை என்பதைப் பற்றி நாங்கள் நடத்திய பாடங்களைவிட அது பெரிய பாடம்.

அவ்வாண்டு ஆடியில் தளத்தை உடைத்தோம். ஆனால் முழுவதையும் அன்று. சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு, வெளிநோக்கிச் சரியும் தளத்தை விட்டுவைத்தோம். அது அடித்தளத்து மண்ணில் ஈரம் ஏறி இறங்குவதைக் குறைக்கும். சுவரோரத்துக் குழியை மூடி, கூரை நீரைக் குழாய்வழியே இருபதடி தள்ளி, மனையின் தாழ்ந்த மூலைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆழமில்லாத நீண்ட வாய்க்கால் ஒன்றை வெட்டினோம். அண்ணாச்சியின் தொழுவத்துக்குப் போன நீர் அதில் நின்று, நிதானமாக மண்ணில் இறங்கிற்று.

செடிகளுக்குக் குழி தோண்டுவதை விட்டோம். உள்ளூர் மண்ணோடு மக்கிய குப்பை எருவைச் சேர்த்து, ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி நட்டோம். ஜிப்சம் போட்டால் எல்லாக் களிமண்ணும் இளகிவிடும் என்று பலர் கூறுவர். சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான் அது மருந்து. பரிசோதித்துப் பார்க்காமல் இடுவது வீண்செலவு. கரிசலுக்கு வேண்டியது மக்கு. கொழுஞ்சித் தழை, நறுக்கிய பருத்திமார், உளுந்தம் பொட்டு, உதிர்ந்த சருகு ஆகியவற்றைச் செடிகளின் அடியில் நான்கு அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்புகிறோம். அது வெயிலைத் தடுத்து, மண்ணுக்குள் மெல்ல இறங்கி, களித்துகள்களைப் பொலபொலப்பாகச் சேர்த்து வைக்கிறது. எப்போது கொத்துவது என்பதையும் அண்ணாச்சியே கற்பித்தார். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து இடுப்புயரத்திலிருந்து கீழே விடவேண்டும். உருண்டையாகவே கிடந்தால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் பதம். ஈரத்தில் மிதிக்கப்பட்ட கரிசல் அந்தக் காயத்தை ஒரு பருவம் முழுவதும் சுமக்கும். மனிதரும் அப்படித்தான் என்று எழுதத் தோன்றுகிறது. உரிய பதம் வருமுன் நாங்கள் கொத்திய சொற்கள் எத்தனை!

இன்று எங்கள் தோட்டத்தில் முருங்கை, நெல்லி, சீத்தா, கறிவேப்பிலை, அரளி, மஞ்சனத்தி யாவும் நிற்கின்றன. இந்த மண்ணும் வெயிலும் பழகியவை அவை. எங்களிடம் அதிகம் கேட்பதில்லை. எலுமிச்சை இல்லை, அதற்காக இப்போது வருந்துவதும் இல்லை. மனையின் கோடியில், இரு வீடுகளிலிருந்தும் முப்பதடிக்கு அப்பால், காக்கை இட்ட விதையிலிருந்து ஒரு வேம்பு தானாக முளைத்து மரமாகியிருக்கிறது. அதன் நிழல் முற்பகலில் எங்கள் பக்கமும் பிற்பகலில் அண்ணாச்சியின் பக்கமும் விழுகிறது. அது அம்மாவின் மரம் அன்று. அதை நாங்கள் வெட்டிவிட்டோம். அந்த உண்மையை இந்த மரத்தின் நிழலில் மறைத்துக்கொள்ள எங்களுக்கு விருப்பமில்லை.

செப அறையின் கீறலும் முழுவதாக ஆறவில்லை. சித்திரையில் ஒரு மயிரிழை அளவுக்குத் திறக்கிறது, கார்த்திகையில் மூடிக்கொள்கிறது. முதலில் ஆண்டுதோறும் அதைப் பூசி மறைத்தோம். இப்போது விட்டுவிட்டோம். செபமாலை சொல்லும்போது கண் அங்கே போகும். எங்கள் பாவ அறிக்கையின் ஒரு வரி அந்தச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள், இங்கே மழைக்காலத்தில் வருகிறது. கோடையில் வெடித்துச் சரிந்த கல்லறை மேடுகள் அப்போது ஈரத்தில் குழைந்திருக்கும். மண்வெட்டியோடு சென்று, அம்மாவின் மேட்டைச் சீர்படுத்தி, மெழுகுவர்த்தி ஏற்றிவருவோம். அண்ணாச்சிக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. ஆனாலும் கூட வருவார். அவர் செபம் சொல்வதில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பதம் பார்ப்பார். உயிர்ப்பு நாள் காலையில் மகதலா மரியா ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிக்கொண்டதாக யோவான் எழுதுகிறார். அவர் தவறாக எண்ணினார் என்று முன்பு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். கல்லறையருகே குனிந்து மண்ணைத் தொடும் அந்த முதிய கைகளைப் பார்க்கும்போது, அவர் அவ்வளவு தவறாக எண்ணிவிடவில்லை என்றே தோன்றுகிறது.

அன்பு வாசகர்களே, உங்கள் ஊர் மண் எதுவாயினும் ஆகுக. அடுத்த மழைக்கு முன் ஒரு மாலை உங்கள் முற்றத்தில் இறங்கி நின்று பாருங்கள். உங்கள் வீட்டு நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யாருடைய வாசலில் போய் நிற்கிறது என்று பாருங்கள். எங்கேனும் ஒரு வாய் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். பெய்விக்கும் பொறுப்பை இறைவன் ஏற்றுக்கொள்வார்.